மாணவி கேட்ட கேள்வி

ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலை எட்டரை மணி. காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் வெளிநோயாளர் கூடத்தில் உட்கார இடமில்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கிறார் ஒரு தாய். அருகே அவருடைய எட்டு வயது மகன். அடிக்கடி அவனுக்குத் தொண்டை வலி, காய்ச்சல், பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. “தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது. டான்சிலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்திருக்கிறார்.

வெள்ளை அங்கி அணிந்த இளம்பெண் ஒருத்தி அவரை நெருங்குகிறாள்.

“வணக்கம் அம்மா. நான் டாக்டர் அல்ல, இங்கே எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவி. அடிக்கடித் தொண்டை வலி வரும் குழந்தைகளைப் பற்றி எங்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் ஓர் ஆய்வு செய்கிறேன். உங்கள் மகனையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா?”

தாயின் முகம் மாறுகிறது. பையனைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

“ஏம்மா, எங்கள் பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்கப் போகிறீர்களா?”

இத்தகைய காட்சியை எந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாம் காணக்கூடும். நம்மில் பலர் என்றேனும் ஒருநாள் இத்தாயின் இடத்தில் அமர்ந்திருப்போம். நம் இல்லங்களிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்ற பிள்ளைகளோ அம்மாணவியின் இடத்தில் நிற்கிறார்கள். ஆகவே இருவர் பக்கமும் சற்று நின்று, இவ்விஷயத்தை நிதானமாக ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

மாணவருக்கு ஆய்வு எதற்கு?

படித்து, தேர்வு எழுதி, பட்டம் பெற்று, நோயாளிகளைக் கவனிக்க வேண்டிய மாணவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். மருத்துவ நூல்களில் எழுதப்பட்டுள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையே ஆகும். அவ்விடை எவ்வாறு கிடைத்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அறியாத மருத்துவர், பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவராகவே நின்றுவிடுவார். ஆராயக் கற்றவரோ, தாம் செய்யும் சிகிச்சையையே கேள்விக்கு உட்படுத்தும் துணிவு பெறுகிறார்.

இதனை உணர்ந்தே பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்கெனச் சில வாரங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்வாரங்களில் தாம் விரும்பும் துறையைத் தேர்ந்துகொண்டு, ஓர் ஆசிரியரின் கீழ் அவர்கள் பணியாற்றலாம். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென இரண்டு மாத ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2019-இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டத்திலும் இத்தகைய விருப்பப் பாடத்திற்கு இடம் அளிக்கப்பட்டது.

காது, மூக்கு, தொண்டைத் துறை இளம் மாணவர்களின் ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. இதற்குத் தேவைப்படும் கருவிகளுள் பல எளியவை. தொண்டையைப் பார்க்க ஒரு விளக்கும் நாக்கை அழுத்தும் தகடும் போதும். காது கேளாமை நடுச்செவியின் கோளாறா, உட்செவியின் கோளாறா என்று அறிய, தட்டினால் அதிரும் இசைக்கவை பயன்படுகிறது. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ரின்னே இம்முறையை 1855-இல் விளக்கினார். கேட்கும் திறனை எண்களில் அளந்து காட்டும் ஆடியோமீட்டர் கருவியும் மருத்துவக் கல்லூரிகளில் உண்டு. நோயாளிகளுக்கோ குறைவே இல்லை.

மாணவர் எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். “செவிட்டுத்தன்மையை ஒழிப்பது எப்படி?” என்பது இரண்டு மாதத்தில் விடை காணும் கேள்வியன்று. “காதில் சீழ் வடியும் குழந்தைகளை வீட்டார் எத்தனை நாட்கள் கழித்து மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார்கள்? தாமதத்திற்குக் காரணம் என்ன?” என்பது விடை காணக்கூடிய கேள்வி. “விசைத்தறிக் கூடத்தில் பத்தாண்டுகள் உழைத்தவர்களின் கேட்கும் திறன் எவ்வாறு உள்ளது?” என்பதும் அத்தகையதே.

கேள்வியை முடிவு செய்த பின்னர், முன்பு பிறர் எழுதியவற்றை மாணவர் படிக்கிறார். எவரைச் சேர்ப்பது, எதை அளப்பது, எவ்வாறு கணக்கிடுவது என்று திட்டம் எழுதுகிறார். கல்லூரியின் நெறிமுறைக் குழு அதனைப் பார்த்து அனுமதி வழங்கிய பின்னரே முதல் நோயாளியிடம் அவர் பேசலாம். இவற்றையெல்லாம் செய்து முடித்தவளே நாம் முன்பு கண்ட மாணவி. அவளுடைய கேள்வி இதுதான்: பிள்ளைக்கு எத்தனை முறை தொண்டை வலி வந்தது என்று பெற்றோர் நினைவிலிருந்து சொல்லும் கணக்கும், மருத்துவச் சீட்டுகளில் பதிவாகியுள்ள கணக்கும் ஒத்திருக்கின்றனவா?

“இது ஒரு கேள்வியா?” என்று தோன்றும். ஆனால் இக்கேள்வியின் பின்னே பல்லாயிரம் குழந்தைகளின் தொண்டை இருக்கிறது. அதை அறிய நாம் 1934-ஆம் ஆண்டின் நியூயார்க் நகருக்குச் செல்ல வேண்டும்.

ஆயிரம் குழந்தைகளின் கதை

அக்காலத்தில் மேலை நாடுகளில் டான்சிலை அறுத்து எடுப்பது, பால் பல் விழுவதைப்போல் ஒரு சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டிருந்தது. அமெரிக்கக் குழந்தைநலச் சங்கத்தினர் நியூயார்க் பள்ளிகளில் பயிலும் பதினொரு வயதுக் குழந்தைகள் 1,000 பேரைப் பார்வையிட்டனர். அவர்களுள் 611 பேருக்கு டான்சில்கள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தன. எஞ்சியோர் 389 பேர். அவர்களை மருத்துவர்களிடம் காட்டியபோது, 174 பேருக்கு அறுவை தேவை என்றனர். அதாவது நூற்றுக்கு 45 பேர்.

அப்படியானால் மீதமுள்ள 215 குழந்தைகளும் நலமானவர்கள் என்றுதானே பொருள்? அவர்களை வேறு மருத்துவர்களிடம் காட்டினர். அவர்கள் 99 பேருக்கு அறுவை தேவை என்றனர், நூற்றுக்கு 46. இருமுறை நலமென்று விடப்பட்ட 116 குழந்தைகளை மூன்றாவது முறையாக மற்றும் சில மருத்துவர்களிடம் காட்டினர். அவர்களும் 51 பேரைத் தேர்ந்தெடுத்தனர், நூற்றுக்கு 44. முடிவில் ஆயிரம் குழந்தைகளுள் அறுவைக்கு எவராலும் பரிந்துரைக்கப்படாதவர்கள் 65 பேர் மட்டுமே.

இது தரும் பாடம் என்ன? அம்மருத்துவர்கள் கெட்டவர்கள் அல்லர்; குழந்தைகளின் நலத்தையே நாடியவர்கள். ஆயினும் தம்மிடம் வந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறுவை தேவைப்படும் என்ற வழக்கமான எண்ணம் அவர்கள் கண்களில் ஊறியிருந்தது. எந்தக் கூட்டத்தைக் காட்டினாலும் அவ்வெண்ணமே முடிவு கூறியது. வழக்கம் என்பது எவ்வளவு வலிமை வாய்ந்தது, பார்த்தீர்களா?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1938-இல், அலிசன் கிளவர் என்னும் மருத்துவர் இங்கிலாந்துப் பள்ளிக் குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார். ஊருக்கு ஊர் டான்சில் அறுவையின் எண்ணிக்கை பெருமளவு மாறுபட்டது. தட்பவெப்பமோ, வறுமையோ, வீட்டு நெருக்கடியோ அதற்குக் காரணமாகத் தென்படவில்லை. ஏழைக் குழந்தைகளைவிட வசதி படைத்த வீட்டுக் குழந்தைகளே மிகுதியாக அறுவைக்கு உள்ளாயினர். லண்டனை அடுத்த ஹார்ன்சி என்னும் பகுதியில் பள்ளி மருத்துவ அலுவலர் மாறினார்; உடனே அறுவைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதனால் குழந்தைகளின் உடல்நலம் கெட்டதாகத் தெரியவில்லை. குழந்தைகள் மாறவில்லை, அவர்களைப் பார்த்த மருத்துவரே மாறினார்.

அறுவை என்பது விளையாட்டன்று. மயக்க மருந்தும் இரத்தப் பெருக்கும் அந்நாளில் சில குழந்தைகளின் உயிரைப் பறித்தன. தேவையற்ற அறுவையினால் ஒரேயொரு குழந்தை இறந்தாலும், அக்குடும்பத்திற்கு அது முழு இழப்பே அல்லவா?

நினைவும் நோட்டுப் புத்தகமும்

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் ஜாக் பேரடைஸ் இக்கேள்வியைத்தான் கேட்டார். தொண்டை நோயினால் அடிக்கடி வருந்தியதாகப் பெற்றோரால் கூறப்பட்ட 65 குழந்தைகளை உடனே அறுவைக்கு அனுப்பாமல், அவரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஒவ்வொரு முறை தொண்டை வலி வந்தபோதும் பார்த்துக் குறித்துவைத்தனர். 1978-இல் வெளியான முடிவின்படி, முன்பு சொல்லப்பட்ட அளவுக்கு நோய் உண்மையில் தொடர்ந்தது 11 குழந்தைகளுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு அது அத்தனை முறை வரவில்லை. அல்லது வந்தும் கடுமையாக இல்லை.

பெற்றோர் பொய் சொன்னார்கள் என்பதன்று இதன் பொருள். காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையின் அருகே விழித்திருந்த இரவுகள், தாயின் நெஞ்சில் ஒன்று பத்தாகப் பதிகின்றன. அன்பு உள்ள இடத்தில் கணக்குத் தவறுவது இயல்பே. அன்றியும் குழந்தை வளர வளர இத்தொல்லை தானாகவே குறைவதும் உண்டு.

அப்படியானால் டான்சில் அறுவை எவருக்கும் வேண்டாமா? வேண்டும். அதே குழுவினர் 1984-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் உண்மையாகவே கடுமையாகப் பாதிக்கப்பட்ட 187 குழந்தைகள் இடம்பெற்றனர். ஓராண்டில் ஏழு முறையோ, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறையோ, தொடர்ந்து மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறையோ கடுமையான தொண்டை நோய் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். அத்தகைய குழந்தைகளுள் அறுவை செய்யப்பட்டவர்களுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் நோய் குறைவாகவே வந்தது. ஆயினும் அறுவை செய்யப்படாதவர்களுள்ளும் பலர் அத்துணை வருந்தவில்லை. குறைவாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2002-இல் வெளிவந்த ஆய்வோ, கிடைக்கும் சிறு நன்மைக்காக அவர்களை அறுவைக்கு உட்படுத்துவது தகாது என்று கூறியது.

1984-ஆம் ஆண்டு ஆய்வில் பெற்றோராகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. 187 குழந்தைகளுள், அறுவையா அல்லவா என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் முடிவு செய்ய 91 பேரின் பெற்றோரே சம்மதித்தனர். மற்ற 96 பேரின் பெற்றோர், “நாங்களே தீர்மானிப்போம்” என்றனர். அவர்கள் விருப்பப்படியே நடந்தது. ஆய்வு என்பது பெற்றோரின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துக்கொள்வதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று டான்சில் அறுவைக்கு மற்றொரு முக்கியக் காரணமும் உண்டு. டான்சிலும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் பெருத்து, உறக்கத்தில் மூச்சை அடைப்பதே அது. 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. அறுவை செய்யப்பட்டவர்களுள் நூற்றுக்கு 79 பேருக்கு ஏழு மாதங்களில் உறக்கத்தின்போது மூச்சு சீரானது. காத்திருந்தவர்களுள்ளும் நூற்றுக்கு 46 பேருக்கு அவ்வாறே சீரானது. அறுவை செய்யப்பட்ட குழந்தைகளின் நடத்தையும் அன்றாட நலமும் கூடுதலாக முன்னேறின. கவனம் செலுத்தும் திறனில் மட்டும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரே நோய், ஒரே அறுவை. ஆயினும் எவருக்கு உடனே வேண்டும், எவர் காத்திருக்கலாம் என்பதைக் கேட்டு, எண்ணி, எழுதித்தான் அறிய முடிந்தது.

தாயின் அச்சம் வீணானதா?

“பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்ப்பீர்களா?” என்ற தாயின் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. மருத்துவ வரலாற்றில் அவ்வாறு நடந்ததுண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிபிலிஸ் நோய் கண்ட ஏறத்தாழ 400 ஏழைக் கறுப்பின ஆண்களை, 1932 முதல் 1972 வரை, உண்மையைச் சொல்லாமல் கவனித்து வந்தனர். பென்சிலின் என்னும் நல்ல மருந்து கிடைத்த பின்னரும் அவர்களுக்கு அதை அளிக்கவில்லை. நோயின் போக்கை அறிவதே நோக்கமாக இருந்தது. நோயாளி மனிதன் என்பது மறக்கப்பட்டது.

இத்தகைய கொடுமைகளைத் தடுக்கவே நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் சிறைக்கைதிகள்மீது நடத்தப்பட்ட சோதனைகள் வெளிப்பட்ட பின், 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் தோன்றின. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் தன் பிரகடனத்தை வெளியிட்டது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குழந்தை ஆய்வில் சேரப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அத்துடன் ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் பதினெட்டு வயது வரை எழுத்துமூலமான இசைவும் பெறப்பட வேண்டும். எட்டு வயதுச் சிறுவனும் “எனக்கு இஷ்டம்” என்றோ, “வேண்டாம்” என்றோ சொல்லலாம்.

ஆனால் ஆய்வில் மட்டுமே ஆபத்து உண்டு என்று எண்ணுவதும் தவறு. 1939 முதல் 1962 வரை சிகாகோ நகரின் ஒரு மருத்துவமனையில் 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டான்சில் வீக்கம் போன்றவற்றைக் குறைப்பதற்காக எக்ஸ்ரே கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அது ஆராய்ச்சி என்று செய்யப்படவில்லை. அக்காலத்தில் பல இடங்களிலும் ஏற்கப்பட்ட சிகிச்சை முறையே அது. கத்தியின்றி, வலியின்றி முடிந்ததால் பெற்றோரும் மகிழ்ந்தனர். பல ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளுள் பலருக்குக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் கட்டிகள் தோன்றின. சிலருக்குப் புற்றுநோயும் கண்டது. 1974-இல் அம்மருத்துவமனை தன் பழைய பதிவேடுகளைப் புரட்டி, அன்று குழந்தைகளாக இருந்தவர்களைத் தேடி அழைத்துப் பரிசோதிக்கத் தொடங்கியது. யாரோ ஓர் எழுத்தர் ஒழுங்காக எழுதிவைத்த பெயரும் முகவரியும் பின்னாளில் உயிர் காக்க உதவின!

ஆகவே கேள்வி கேட்பதனால் வந்த தீங்கும் உண்டு. கேள்வி கேட்காமல் விட்டதனால் வந்த தீங்கும் உண்டு. உண்மையை மறைத்துச் செய்யும் ஆய்வு பாவம் என்றால், ஆராயாமல் செய்யும் சிகிச்சையும் நம் குழந்தைகளுக்கு நன்மையாகாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

மாணவரோ மருத்துவரோ ஆய்வுக்குச் சம்மதம் கேட்கும்போது, அச்சத்தினால் மறுத்துவிடவும் வேண்டாம். டாக்டர் கேட்கிறாரே என்ற கூச்சத்தினால் தலையசைக்கவும் வேண்டாம். கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

1. இந்த ஆய்வின் நோக்கம் என்ன? எங்களுக்குப் புரியும் தமிழில் சொல்ல முடியுமா?

2. பிள்ளைக்குப் புதிதாக ஊசியோ, மருந்தோ, இரத்தப் பரிசோதனையோ உண்டா? வெறும் விவரம் மட்டும் சேகரிக்கிறீர்களா?

3. நாங்கள் மறுத்தால் சிகிச்சையில் ஏதேனும் குறை வருமா? இடையில் விலகிக்கொள்ளலாமா?

4. பிள்ளையின் பெயரும் நோயும் வெளியில் தெரியுமா?

5. நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்பட்டுள்ளதா? பொறுப்பான ஆசிரியர் யார்?

6. இதற்காக நாங்கள் ஏதேனும் செலவு செய்ய வேண்டுமா?

இவற்றிற்கு முகம் சுளிக்காமல் விடை கூறும் மாணவரே நல்ல மருத்துவராவார். கையெழுத்திடும் தாளின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆய்வில் தொடர்பில்லாத ஒருவரின் முன்னிலையில் படித்துக்காட்டிய பின்னரே கைந்நாட்டு வாங்க வேண்டும்.

மருத்துவம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால் சான்றிதழ் கிடைக்கும், மேற்படிப்புக்கு உதவும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் அவ்வாசை மிகுந்தால், பார்க்காத நோயாளியைப் பார்த்ததாக எழுதவும், எண்ணைக் கூட்டிக் குறைக்கவும் மனம் துணிந்துவிடும். அந்தப் பொய்க் கணக்கை நம்பி எங்கோ ஒரு மருத்துவர் எங்கோ ஒரு குழந்தையின் தொண்டையில் கத்தி வைக்கக்கூடும். “எத்தனை கட்டுரை எழுதினாய்?” என்று கேட்பதை விட்டு, “நீ எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதேனும் கண்டாயா?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதும் ஒரு விடையே. அதை மறைக்காமல் எழுதக் கற்றுக்கொள்வதே அச்சில வாரங்களின் பெரும் பயன்.

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளைக்குத் தொண்டை வலி வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். தேதி, காய்ச்சலின் அளவு, பள்ளி செல்லாத நாட்கள், பார்த்த மருத்துவர், கொடுத்த மருந்து ஆகிய ஐந்தும் போதும். இந்த நோட்டு, பிற்காலத்தில் அறுவை வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய எத்துணையோ உதவும்.

அதேவேளையில், “தொண்டை வலிதானே” என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டை நோயைக் கவனியாமல் விட்டால், சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வுகள் கெடுவதுண்டு. இந்நோய் நம் நாட்டிலிருந்து இன்னும் அகலவில்லை. மேலை நாட்டு ஆய்வின் முடிவை நம் ஊரில் அப்படியே பின்பற்ற முடியாமைக்கும், நம் மாணவர்கள் நம் குழந்தைகளிடையே ஆராய வேண்டியதற்கும் இதுவும் ஒரு காரணம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, வலி நின்றவுடன் நிறுத்தாமல், சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். பிள்ளை எச்சிலையும் விழுங்க முடியாமல் ஒழுகவிட்டாலோ, வாயைத் திறக்க முடியாமற் போனாலோ, மூச்சுவிடத் திணறினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உறக்கத்தில் பலத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதும் இருந்தால், தொண்டை வலியே இல்லாவிட்டாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீண்டும் அக்கூடத்தில்

வெளிநோயாளர் கூடத்தில் அத்தாய் இன்னும் மாணவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பக்கத்தில் பெஞ்சியின் ஓரத்தில் மாணவி அமர்கிறாள்.

“பரீட்சை இல்லை அம்மா. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. போன ஒரு வருஷத்தில் தம்பிக்கு எத்தனை தடவை தொண்டை வலி வந்தது என்று கேட்பேன். உங்களிடம் பழைய சீட்டுகள் இருந்தால் பார்த்து எழுதிக்கொள்வேன். பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் வேண்டாம். டாக்டர் எப்போதும்போல் நன்றாகவே பார்ப்பார்.”

தாய் சற்று யோசிக்கிறார். பிறகு மகனைப் பார்க்கிறார். மாணவியும் அவனிடம், “தம்பி, உனக்குச் சம்மதமா?” என்று கேட்கிறாள். தன்னையும் ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற பெருமையில் அவன் தலையை ஆட்டுகிறான்.

“ஒரு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும்மா” என்கிறார் தாய். மஞ்சள் பையைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். மொத்தம் ஆறு. அவற்றுள் ஒன்று வயிற்றுப்போக்குக்கு. ஒன்று முழங்காலில் அடிபட்டதற்கு. தொண்டைக்கு நான்குதான்.

“சீட்டு வாங்காமல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் உண்டு” என்கிறார் சற்றே வெட்கத்துடன்.

“அதையும் எழுதிக்கொள்கிறேன் அம்மா. அது தெரிந்தால்தான் எங்கள் கணக்கு சரியாக இருக்கும்” என்கிறாள் மாணவி. தாயின் நினைவும் முழுமையன்று, சீட்டுகளும் முழுமையல்ல. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மை மெல்லத் தலைகாட்டுகிறது.

சிறிது நேரத்தில் அவர்கள் முறை வருகிறது. பேராசிரியர் பையனின் தொண்டையை விளக்கு வைத்துப் பார்க்கிறார், உறக்கத்தைப் பற்றி விசாரிக்கிறார், இருதயத்தையும் சோதிக்கிறார். “இப்போதைக்கு அறுவை வேண்டாம். ஆறு மாதம் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் தவறாமல் எழுதி வாருங்கள்” என்று கூறி அனுப்புகிறார்.

வெளியே வந்ததும் தாய் எதிர்க் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குகிறார். முதல் பக்கத்தில் மகன் தன் பெயரை எழுதுகிறான். அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது. அது வெறுமையாகவே இருக்கட்டும் என்பதே அத்தாயின் ஆசை. நிரம்பினாலும், அதிலுள்ள ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும்.